மத்தாப்புத் தோட்டா

சினிமாவுக்குத் துப்பாக்கி வாடகைக்கு விடும் தொழிலில், சுடப்படுகிறவனுக்கு ஒன்றும் ஆகாது. சாயங்காலம் எழுந்து உதறிக்கொண்டு டீ குடிக்கப் போய்விடுவான். அவதியெல்லாம் துப்பாக்கியைக் கொடுத்தவனுக்குத்தான். மலிவுச் சரக்கை ஒருவர் கையில் கொடுத்துவிட்டு, அது என்ன செய்து தொலைக்குமோ என்று பக்கத்திலேயே நின்ற அனுபவம் உங்களுக்கும் உண்டா? அந்தச் சரக்கு குக்கராக இருந்தாலும் சரி, சைக்கிளாக இருந்தாலும் சரி, நீங்கள் என் ஜாதி. உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எண்பதுகளின் நடுவில் நான் பம்பாயில் மணி சாரிடம் வேலை பார்த்தேன். மணி சார் மாட்டுங்காவில் குடியிருந்த பாலக்காட்டுக்காரர். கோட்டைப் பக்கம் ஒரு துப்பாக்கிக் கடையில் பல வருஷம் குமாஸ்தாவாக இருந்துவிட்டு, பிறகு தாமே லைசென்ஸ் எடுத்து, இரண்டு ரிவால்வரும் ஒரு பிஸ்டலும் வைத்துக்கொண்டு செம்பூரில் ஒரு ஸ்டூடியோவுக்கு வாடகைக்குக் கொடுத்துவந்தார். தோட்டாவில் மருந்து மட்டும் இருக்கும், குண்டு இருக்காது. அப்படியும் வெடிச்சத்தம் என்றால் அவருக்கு ஆகாது. காலையில் நெற்றியில் விபூதி இடும்போதே காதில் பஞ்சையும் வைத்துக்கொண்டுதான் கிளம்புவார்.

நான் தாராவி. பூர்வீகம் கடையநல்லூர்ப் பக்கம். பெயர் மைதீன். துப்பாக்கியைத் துடைப்பது, தோட்டா போடுவது, நடிகருக்குப் பிடிக்கச் சொல்லிக்கொடுப்பது, ஷாட் முடிந்ததும் அவர் கையிலிருந்து பிடுங்குவது எல்லாம் என் பொறுப்பு. ஆனால் சட்டப்படி நான் யாருமே இல்லை. லைசென்ஸ்காரருக்குப் பதிலாக ஆயுதத்தை எடுத்துச் செல்லும் ஆள் என்று மணி சாரின் லைசென்ஸ் புத்தகத்தில் என் பெயர் ஏறவேண்டும். அதற்கு மனுப் போட்டிருந்தோம். போலீஸ் விசாரணை முடியும்வரை என்னால் யாருக்காவது காயம் என்று ஒரு கம்ப்ளைண்ட் வந்தால் போதும், மனு குப்பைக்கூடைக்குப் போய்விடும்.

மனு போனால் என் கல்யாணமும் கூடவே போகும். கோவண்டியில் தோல்பைப் பட்டறை வைத்திருந்த சாகுல் மாமாவின் மகள் ரஹ்மத்தை எனக்குப் பேசியிருந்தார்கள். எனக்கு அவளை ரொம்பவும் பிடித்திருந்தது. அவளுக்கும் அப்படித்தான் என்று அவள் தங்கை வந்து சொன்னாள். மாமா மட்டும் ஒரே பிடியாக நின்றார். "சர்க்கார் புஸ்தகத்துல ஒம்ம பேரு ஏறட்டும், பொறவு நிக்காஹ் பேசலாம். நோன்புக்குள்ள ஏறலைன்னா, கல்யாண் ஊர்ல ரயில்வே பட்டறை மாப்ளை ஒருத்தர் கேட்டுக்கிட்டே இருக்காரு. பாத்துக்கிடும்" என்று சொல்லிவிட்டார்.

மட்டமான மால்

முதலில் நாங்கள் நல்ல தோட்டாதான் கொடுத்தோம். வெளிநாட்டுச் சரக்கு. சுத்தமாக வெடிக்கும், கொஞ்சம் புகை வரும், துடைக்கவும் சுலபம். ஒரு படத்தில் கொள்ளைக்காரத் தலைவன் ஆறு தடவை சுட்டான். செட்டில் எல்லோரும் நன்றாக வந்தது என்று கை தட்டினோம். மூன்று நாள் கழித்து பிரிண்ட் போட்டுப் பார்த்தால், அவன் கையை ஆறு தடவை உதறுகிறான். துப்பாக்கி வாயில் ஒரு பொட்டு வெளிச்சம் இல்லை. கேமரா ஒரு விநாடிக்கு இருபத்துநாலு தடவை கண்ணை மூடித் திறக்குமாம். நல்ல தோட்டாவின் நெருப்பு அது கண்ணை மூடியிருக்கிற நேரத்தில் வந்து போய்விடுகிறது. காசு கொடுத்து வாங்கிய உயர்ந்த சரக்கு படத்தில் ஊமையாகிவிட்டது.

மணி சார் ஒரு வாரம் யோசித்து, கல்யாணுக்கு அப்பால் ஒரு பட்டறையிலிருந்து பாதி விலைக்குத் தோட்டா வாங்கிவந்தார். மட்டமான மருந்து. பாதி குழாய்க்குள் எரியும், மீதி வெளியே வந்து சாவகாசமாக எரியும். சத்தம் சோப்ளாங்கி. ஆனால் சத்தத்தைத்தான் பிற்பாடு தனியாகச் சேர்த்துக்கொள்கிறார்களே! வெளிச்சத்துக்கோ குறையே இல்லை. ஒரு முழ நீளத்துக்கு நெருப்பு, அதைச் சுற்றிப் பொறிப்பொறியாக மத்தாப்பு. அன்றிலிருந்து அதற்கு மத்தாப்பு என்றே பெயர் வைத்தோம். அடுத்த பிரிண்ட்டைப் பார்த்ததும், நாங்கள் தாதா என்று கூப்பிடும் வங்காளிக் கேமராமேன் மணி சாரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். "அடுத்த தடவை இதைவிட மட்டமான மால் இருந்தா, யோசிக்காம கொண்டு வாங்க!"

மாமியின் சந்தேகம்

படத்துக்கு அழகு என்றால் பக்கத்தில் நிற்பவனுக்குக் கொப்புளம். மத்தாப்புப் பொறி எவ்வளவு தூரம் போகும் என்று தெரிந்துகொள்ள மணி சார் ஒரு வழி வைத்திருந்தார். புதுப் பெட்டி உடைத்ததும் அவருடைய பழைய வேட்டி ஒன்றைக் கயிற்றில் தொங்கவிட்டு, நான் மூன்றடியிலிருந்து சுடவேண்டும். பிறகு ஆறடி, பிறகு பத்தடி. மூன்றடியில் வேட்டி சல்லடை. ஆறடியில் அங்கங்கே கரும்புள்ளி. பத்தடியில் ஒன்றும் இருக்காது. ஆகவே எந்த ஷாட்டாக இருந்தாலும் சுடுகிறவனுக்கு முன்னால் பத்தடிக்குள் மனிதர் நிற்கக்கூடாது என்பது எங்கள் சட்டம். தரையில் சுண்ணாம்புக் கோடே போட்டுவிடுவேன். டைரக்டர்கள் என்னை முறைப்பார்கள். நான் கோட்டைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

ஒருநாள் அந்தச் சல்லடை வேட்டி எப்படியோ சலவைத் துணியோடு சேர்ந்து மாட்டுங்கா வீட்டுக்குப் போய்விட்டது. மறுநாள் காலை துப்பாக்கிப் பெட்டியை எடுக்க நான் போனபோது மணி சாரின் சம்சாரம், மாமி, அதை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நின்றார். மணி சார் பேப்பருக்குப் பின்னால் ஒளிந்திருந்தார். காதில் பஞ்சு வேறு, கேட்கவில்லை என்று சாதிக்க வசதியாக. அவர் துப்பாக்கி வாடகைக்கு விடுகிறார் என்று மாமிக்குத் தெரியும். வேட்டியைச் சுடுகிறார் என்று தெரியாது. மாமி என்னைப் பார்த்தார், வேட்டியைப் பார்த்தார், பேப்பரைப் பார்த்து நிதானமாகக் கேட்டார்: "ஏன்னா, இந்த வயசுல இனிமே நான் திருத்தப் போறதில்லை. சுருட்டா, பீடியா? அதை மட்டும் சொல்லிடுங்கோ."

பயந்த வில்லன்

ரிவால்வரில் தோட்டா இருக்கும் உருளைக்கும் குழாய்க்கும் நடுவே நூலிழை இடைவெளி ஒன்று உண்டு. நல்ல தோட்டா என்றால் அந்த வழியாகக் கொஞ்சம் புகை கசியும், அவ்வளவுதான். மத்தாப்பு அந்தச் சந்து வழியாகவும் பக்கவாட்டில் பொறி துப்பும். இதனால் காயம் வராமல் பிடிப்பது எப்படி என்று நடிகர்களுக்குச் சொல்லிக்கொடுப்பேன். சொல்லிக்கொடுத்து என்ன? அந்தக் காலத்தில் இந்திக்காரக் குழந்தைகள் பெயரைக் கேட்டாலே பயந்து சோறு உண்ணும்படி ஒரு வில்லன் இருந்தார். ஆறடி உயரம், தேங்காய் மட்டை மாதிரி முகம். விசையை இழுக்கும்போது மனிதர் இரண்டு கண்ணையும் இறுக மூடிக்கொள்வார். பத்து டேக் போனாலும் பத்திலும் மூடுவார். டைரக்டர் தலையில் அடித்துக்கொண்டார். வில்லனுக்கோ அழுகை முட்டியது. சின்ன வயசில் தீபாவளிப் பட்டாசில் இமை கருகிய ஆள் என்று என்னிடம் மட்டும் ரகசியமாகச் சொன்னார்.

பாவமாக இருந்தது. என் சட்டைப்பையில் இருந்த கறுப்புக் கண்ணாடியை எடுத்துக் கொடுத்தேன், ஸ்டேஷன் வாசலில் வாங்கிய சாமான். அதைப் போட்டுக்கொண்டு உள்ளே கண்ணை மூடிக்கொண்டு சுட்டார். ஒரே டேக்கில் ஓகே. அந்தப் படத்துக்குப் பிறகு அவர் கறுப்புக் கண்ணாடி இல்லாமல் எந்தப் படத்திலும் வரவில்லை. செம்பூர்ப் பையன்கள் எல்லோரும் அதே மாதிரி மாட்டிக்கொண்டு திரிந்தார்கள். ஒருநாள் என்னைத் தனியாக அழைத்துத் தோளில் கைபோட்டுச் சொன்னார்: "பாய், ஆக்டிங் என்னுது, கண்ணாடி உன்னுது. ரெண்டாவதை மட்டும் யார்கிட்டயும் சொல்லாதே."

பத்து விரல்

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து கோவண்டிக்குப் போவேன். மாமாவைப் பார்க்க என்று சொல்லிக்கொள்வேன். உள்ளே வளையல் சத்தம் கேட்டால் எனக்கு அந்த வாரம் நல்ல வாரம். மாமா தோலை வெட்டிக்கொண்டே என்னை முன்னால் உட்காரவைத்து, இரண்டு கையையும் விரிக்கச் சொல்லி, கொப்புளம் இருக்கிறதா, நகம் கருகியிருக்கிறதா என்று புரட்டிப் புரட்டிப் பார்ப்பார். தோலைப் பற்றி அவருக்குத் தெரியாதது இல்லை. அவருக்குத் தெரியாமல் ஒரு சின்னச் சூட்டுக்காயத்தை மறைக்கலாம் என்று ஒருமுறை தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு போய், அவர் முகர்ந்து பார்த்ததும் நானே காயத்தைக் காட்டிவிட்டேன். அது துப்பாக்கியால் வந்ததில்லை, வீட்டில் இஸ்திரிப் பெட்டியில் பட்டது என்று என் அம்மா வந்து சத்தியம் செய்யவேண்டியதாயிற்று. அதற்கப்புறம் ஒவ்வொரு வெள்ளியும் விரலை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார். எண்ணி முடித்து, உள்ளே கேட்கும்படியாகச் சத்தமாகச் சொல்வார்: "பத்தும் இருக்கு. அடுத்த வெள்ளி வரைக்கும் கல்யாணப் பேச்சு உண்டு, மாப்ளே!"

எரிந்தது யார் முடி

கதாநாயகனுக்குப் பதிலாக விழுவது, உருளுவது, உதை வாங்குவது எல்லாம் பஷீர். எங்கள் தாராவிக்காரன், மேலப்பாளையத்துக் குடும்பம். கதாநாயகனின் சுருட்டை முடி மாதிரியே நைலானில் ஒரு விக் செய்து அவன் தலையில் மாட்டியிருப்பார்கள். வில்லன் சுடுவான், பஷீர் ஓடிவந்து சுண்ணாம்புக் கோட்டில் விழவேண்டும். ஒத்திகையில் மூன்று தடவையும் ஒழுங்காகக் கோட்டில்தான் விழுந்தான். கேமரா ஓட ஆரம்பித்ததும் அவனுக்கு ரோஷம் வந்துவிட்டது. கோட்டைத் தாண்டி நாலடி பாய்ந்தான். அதே நேரத்தில் வில்லன், கண்ணாடிக்குள் கண்ணை மூடிக்கொண்டு, சுட்டுவிட்டார்.

விக்கின் உச்சியில் ஒரு பொறி உட்கார்ந்தது. பஷீர் கீழே விழுந்து தத்ரூபமாகச் செத்துக்கொண்டிருந்தான். தலையிலிருந்து புகை போய்க்கொண்டிருந்தது. கையில் தயாராக வைத்திருந்த ஈரச் சாக்கோடு நான் அவன்மேல் விழுந்தேன். விக்கைப் பிய்த்து எறிந்து, உள்ளே அவன் தலையைத் தடவித் தடவிப் பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்த பிறகுதான் சாக்கைக் கீழே போட்டேன். அத்தனை பேர் முன்னால் அழுதேன், வெட்கமாகவும் இல்லை. கல்யாணம் அந்த நிமிஷம் ஞாபகமே வரவில்லை.

ஞாபகப்படுத்த ஆள் வந்தார். விக் செய்தவர் குதித்தார். புரொடக்‌ஷன் மேனேஜர் ஒரு தாளையும் பேனாவையும் கொண்டுவந்து, "துப்பாக்கிக்காரனால் ஆபத்து வந்தது என்று எழுதிக் கொடு" என்று பஷீர் முன்னால் நீட்டினார். மணி சார் முகம் வெளுத்துவிட்டது. நான் பஷீரைப் பார்க்காமல் தரையைப் பார்த்தேன். எழுதினால் அது பொய்யும் இல்லையே. பஷீர் தன் சொந்தத் தலையை, இருந்த கொஞ்சம் முடியை, இரண்டு கையாலும் கோதிக்கொண்டு சொன்னான்: "எரிஞ்சது ஹீரோவுக்க முடில்லா? எம்முடி அப்படியே இருக்கு. அவரே வந்து எழுதிக் கொடுக்கட்டும்!"

ஃபைல்

பஷீர் எழுதவில்லை என்றாலும் யாரோ எழுதிவிட்டார்கள். நோன்புக்கு இரண்டு மாதம் இருக்கும்போது லைசென்ஸ் இலாகாவிலிருந்து ஒரு இன்ஸ்பெக்டர் செம்பூர் ஸ்டூடியோவுக்கு வந்தார். மராட்டிக்காரர், தடித்த உடம்பு, மெதுவான பேச்சு. கையில் பழுப்பு ஃபைல். அதில் என் மனு, என் போட்டோ, எல்லாவற்றுக்கும் மேலே ஒரு மொட்டைக் கடிதம். விக் எரிந்த விவரம் முழுசும் அதில் இருந்தது. "இது உண்மையானால் பெயர் ஏற்ற முடியாது" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

மணி சார் அவசரமாக வேட்டியைத் தொங்கவிட்டார். நான் பத்தடியிலிருந்து சுட்டேன். வேட்டி வெள்ளைவெளேர். இன்ஸ்பெக்டர் அசையவில்லை. வருஷக்கணக்காக மேஜைக்குப் பின்னால் ஃபைலோடு காலம் தள்ளிய மனிதர், ரிவால்வரையே பார்த்துக்கொண்டிருந்தார். "நானே சுட்டுப் பார்த்தால்தான் எழுத முடியும்" என்றார். அந்தக் கண்ணில் இருந்தது கடமை இல்லை, ஆசை. மணி சார் தம் சொந்தப் பஞ்சிலிருந்து பிய்த்து அவர் காதில் வைத்தார். நான் பிடிக்கும் முறையைச் சொன்னேன். இடது கையை விலக்கி வைக்கவேண்டும் என்றும் சொன்னேன். காதில் பஞ்சு இருந்ததால் அது அவருக்கு ஏறவில்லை.

அவர் சினிமா போலீஸ் மாதிரி காலை அகட்டி நின்றார். வலது கைக்கு முட்டுக்கொடுக்க இடது கை வந்தது. இடது கையில் ஃபைல் இருந்தது. அது நேராக உருளைக்கு அடியில் போய் நின்றது. நான், "சாப், ஃபைல்! ஃபைல்!" என்று கத்தினேன். அவர் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு மூன்று தடவை சுட்டார். மூன்று தடவையும் மத்தாப்பு முன்னாலும் பறந்தது, பக்கவாட்டிலும் பறந்தது, கீழேயும் கொட்டியது. அவர் முகத்தில் ஒரு சின்னப் பையனின் சந்தோஷம். நாலாவது சுடும்முன் புகை மூக்கில் ஏறியிருக்கவேண்டும்; குனிந்து பார்த்தார்.

ஈரச் சாக்கில் அமுக்கி அணைத்தோம். திறந்தால், மேலட்டையிலிருந்து கடைசித் தாள்வரை ஓட்டை. போட்டோவில் என் மூக்கு இல்லை. என் வாழ்க்கை முடிந்தது என்றே நினைத்தேன். ரஹ்மத் ரயில்வே மாப்பிள்ளையோடு கல்யாண் வண்டியில் ஏறுவது கண்ணுக்குத் தெரிந்தது. இன்ஸ்பெக்டர் காதிலிருந்து பஞ்சை எடுத்தார். நெற்றியில் வேர்வை. சர்க்கார் ஃபைல், மேலே நம்பர் போட்ட ஃபைல். அது எப்படி எரிந்தது என்று அவருடைய மேலதிகாரி கேட்பாரே! என்னைவிட அவர் அதிகமாகப் பயந்திருந்தார் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

மணி சார் மெல்லத் தம் பெட்டியைத் திறந்தார். பழைய குமாஸ்தா, எதையும் மூன்று பிரதி எடுக்காமல் அவருக்குத் தூக்கம் வராது. என் மனு இன்னொரு பிரதி, கையெழுத்தோடு. போட்டோ இன்னொன்று, மூக்கோடு. புது அட்டைகூட இருந்தது. அந்த மொட்டைக் கடிதத்துக்கு மட்டும் யாரும் மூன்று பிரதி எடுத்து வைத்திருக்கவில்லை. இன்ஸ்பெக்டர் மேக்கப் நாற்காலியில் உட்கார்ந்து புது ரிப்போர்ட் எழுதினார். 'இவ்விடத்தில் தீ விபத்து ஏதும் நடந்ததுண்டா?' என்ற இடத்தில் பேனா நின்றது. அவர் எங்களைப் பார்த்தார். மணி சார் கூரையைப் பார்த்தார், நான் செருப்பைப் பார்த்தேன். 'இல்லை' என்று எழுதி, அழுத்தமாக ஒரு புள்ளியும் வைத்தார். எழுந்து போகும்போது பழைய ஃபைலை என் கையில் கொடுத்து, இந்தியில் அவர் சொன்னது தமிழில் இது: "இதை முழுசா எரிச்சிடு. பாதி எரிஞ்ச ஃபைல்தான் கேள்வி கேட்கும்."

புத்தகத்தில் என் இடம்

சர்க்கார் வேலை அவ்வளவு வேகமாக நடந்து நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. பத்தே நாளில் பெயர் ஏறிவிட்டது. லைசென்ஸ் புத்தகத்தை மணி சாரிடம் இரவல் வாங்கிக்கொண்டு, அவரையும் கூட்டிக்கொண்டு கோவண்டிக்குப் போனேன். மாமாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. இரண்டு பக்கம் புரட்டிவிட்டு, மகளைத்தான் படிக்கக் கூப்பிட்டார். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு ரஹ்மத் வந்தாள். அவ்வளவு கிட்டத்தில் நான் அவளைப் பார்த்தது அன்றுதான். விரல் வைத்து ஒவ்வொரு வரியாக வாசித்தாள். என் பெயர் வந்ததும் விரல் அங்கேயே நின்றது. மாமா, "இருக்கா?" என்றார். அவள் தலையை ஆட்டினாள். மாமா எழுந்து என்னைக் கட்டிக்கொண்டார்.

நிக்காஹ் நோன்புக்கு முன்னாலேயே நடந்தது. முதல்முதலாக நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருந்தபோது, அன்றைக்குக் கேட்க முடியாமல் அடக்கிவைத்திருந்ததை அவள் கேட்டாள்: "அந்தப் பொஸ்தகத்துல மேல ரெண்டு ரிவால்வர், அதுக்குக் கீழ ஒரு பிஸ்டல், அதுக்கும் கீழ நீங்க. ஒங்களையும் வாடகைக்குத்தான் விடுவாவளா, மச்சான்?"

நல்ல தோட்டாவையே நாங்கள் கொடுத்துக்கொண்டிருந்தால் படத்தில் நெருப்பும் வந்திருக்காது, ஃபைலில் ஓட்டையும் விழுந்திருக்காது, சர்க்கார் வேகத்தில் என் பெயர் நோன்புக்குள் ஏறியும் இருக்காது, ரஹ்மத்தும் இந்நேரம் கல்யாண் ரயில்வே குவார்ட்டர்ஸில் வேறொருவனுக்கு டீ போட்டுக்கொண்டிருப்பாள்.